மாஸ்ப் கட்டடத்தின் நடுவில் ஏன் தூண் இல்லை? லீனா போ பார்டி பற்றி

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் உள்ள மாஸ்ப் கலை அருங்காட்சியகத்துக்கு நடுவில் இரண்டு தூண் கொடுத்திருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்குமே, 70 மீட்டருக்கு மேல் தூணே இல்லாமல் கட்டியது வெறும் ஜம்பம்தானே என்பது முதலாவது. பணக்காரர்களின் அருங்காட்சியகத்தை அப்படிக் கட்டியவரை எளிய மக்களின் கட்டடக்கலைஞர் என்று கல்லூரியில் சொல்லித்தருவது முரண் இல்லையா என்பது இரண்டாவது. அதை வடிவமைத்த, இத்தாலியில் பிறந்த லீனா போ பார்டி எப்படிப் பிரேசில்காரர் ஆவார் என்பது மூன்றாவது. இரண்டு மூன்று தடவை படித்தபிறகு நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது: இவ்வளவு கான்கிரீட்டையும் கம்பியையும் கொட்டியவர், மனிதர்களை நினைத்துத்தான் கொட்டினாரா?

நான் கட்டமைப்புப் பொறியாளன். 26 ஆண்டுகளாகப் பாலங்களுக்கு ப்ரீஸ்ட்ரெஸ்டு கர்டர் (உள்ளே கேபிளை இழுத்து முன்கூட்டியே அழுத்தம் கொடுத்த கான்கிரீட் உத்திரம்) கணக்குப் போடுவதுதான் தொழில். மாஸ்ப் எனக்கு வரைபடங்கள் வழியாகப் பழக்கம். ஆகவே உத்திரம், தூண், சுமை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். லீனாவின் வாழ்க்கை பற்றிச் சொல்வது பல ஆண்டுகளாகப் படித்துச் சேர்த்தது. அதில் எது உறுதி, எது சர்ச்சைக்குரியது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. அது சரிதான். சீராகப் பரவிய சுமைக்கு பெண்டிங் மொமென்ட், அதாவது உத்திரத்தை வளைக்கும் தாக்கம், ஸ்பானின் (தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியின்) வர்க்கத்தோடு ஏறும் என்பது உங்களுக்கும் தெரியும். உத்திரத்தின் நடுவே ஒரே ஒரு தூண் வைத்தாலே மொமென்ட் நான்கில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் சொல்வதுபோல இரண்டு வைத்தால் ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இன்னொன்றும் உண்டு. நீளமான உத்திரம் தன் எடையைத் தானே தாங்குவதற்காகவே பருக்க வேண்டும். பருத்தால் எடை கூடும். அதற்காக இன்னும் பருக்க வேண்டும். ஆகவே தூண் வைத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. தூணை எடுத்ததால் என்ன கிடைத்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

கட்டமைப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வெளியே சிவப்பாகத் தெரியும் இரண்டு பெரிய உத்திரங்களிலிருந்து முழுக் கட்டடமும் தொங்குகிறது என்று எழுதுவார்கள். அந்த இரண்டும் சுமப்பது கூரையை மட்டும். உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், இன்னும் இரண்டு உத்திரங்கள் ஓடுகின்றன. தளங்களைச் சுமப்பவை அவைதான். ஓவியங்கள் இருக்கும் மேல்தளம் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது; கீழ்த்தளம் அவற்றிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்குகிறது. நான்கு உத்திரங்களும் வந்து சேர்வது இரு முனைகளிலும் உள்ள நான்கு தூண்களில். இடையே தரைக்கு மேலே ஏறத்தாழ 8 மீட்டர் வெற்றிடம்.

ப்ரீஸ்ட்ரெஸ்டிங் இல்லாமல் இது முடியாது. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றுவார்கள். அது குளிரும்போது சுருங்கி, ஆரக்கால்களையும் வட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாலையில் ஓடும்போது வரும் குலுக்கலுக்கு முன்பே சக்கரம் அழுத்தத்தில் இருக்கும். உத்திரத்துக்குள் கேபிளை இழுத்து முடிந்துவிடுவதும் அதே வேலைதான். மாஸ்பில் அந்தக் கேபிள் அமைப்பைத் தானே வடிவமைத்துப் பயன்படுத்தியவர் பொறியாளர் ஜோசே கார்லோஸ் டி ஃபிகெய்ரெடோ ஃபெராஸ். பின்னாளில், 1971 முதல் 1973 வரை, சாவ் பாவ்லோ மாநகர மேயராகவும் இருந்தார். லீனாவின் பெயரோடு இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லாத பாடம் அரைப்பாடம் என்பது என் கருத்து. தூண் வேண்டாம் என்று கேட்டவர் லீனா. அதை நிற்கவைத்தவர் ஃபெராஸ்.

ஸ்பான் எவ்வளவு என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. 70 என்பார்கள், 74 என்பார்கள், சில இடங்களில் 80 வரை போகும். எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்பதைப் பொறுத்த வேறுபாடு அது. 74 மீட்டர் என்பதே பரவலாக ஏற்கப்பட்டது. அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான ஸ்பான் என்றும் படித்திருப்பீர்கள். கட்டடம் என்ற வகைக்குள் அது அரிய நீளம்தான். ஆனால் பாலம் கட்டுபவர்களுக்கு அந்த நீளம் புதிதல்ல. அதே பிரேசிலில், சாண்டா கத்தரீனா மாநிலத்தில், ரியோ டூ பெய்ஷி ஆற்றின் குறுக்கே எமிலியோ பவும்கார்ட் என்ற பொறியாளர் 1930இலேயே 68 மீட்டர் ஸ்பானில் கான்கிரீட் பாலம் கட்டியிருந்தார். அதுவும் ப்ரீஸ்ட்ரெஸ்டிங் இல்லாமல், வெள்ளம் அடித்துப்போகும் ஆற்றில் சாரம் நிறுத்தாமல், இரு கரையிலிருந்தும் நீட்டிக்கொண்டே வந்து நடுவில் சேர்த்தார். மாஸ்பைக் கட்டியவர்களுக்கு அப்படியொரு முன்வரலாறு கையில் இருந்தது. சாதனை செய்வதற்காக ஸ்பானை நீட்டினார்கள் என்ற பேச்சை இதனாலேயே நான் ஏற்பதில்லை.

அப்படியானால் ஏன் நீட்டினார்கள்? அந்த இடத்தைப் பாருங்கள். அவெனிடா பவுலிஸ்டா ஒரு மேட்டின் முதுகில் ஓடும் சாலை, 1891இல் போடப்பட்டது. மாஸ்ப் நிற்கும் இடம் ட்ரியனான் என்ற காட்சிமேடையாக இருந்தது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கின் வழியே நகரின் பழைய மையம் வரை தெரியும். மாலையில் மக்கள் வந்து நின்று பார்த்த இடம் அது. அதை இடித்துத்தான் 1951இல் முதல் சாவ் பாவ்லோ பியெனாலே என்ற ஈராண்டுக் கலைக்காட்சிக்குக் கொட்டகை போட்டார்கள். பிறகு மனை காலியாகக் கிடந்தது. அந்த மனையை அருங்காட்சியகத்துக்குக் கேட்கலாம் என்று முனைந்தவர் லீனா. இங்கேதான் ஒரு பிரபலமான கதை வருகிறது. நிலத்தை நகருக்குக் கொடுத்தவர், பள்ளத்தாக்கின் காட்சியை யாரும் மறைக்கக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டிருந்தார், அதனால்தான் கட்டடத்தைத் தூக்க வேண்டிவந்தது என்பது கதை. இதை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. பத்திரத்தில் என்ன இருந்தது, லீனா தன் வடிவமைப்புக்கு வலுச் சேர்க்க அதை எவ்வளவு பெரிதாக்கினார் என்பது இன்றும் வாதம். அடியில் 1938இல் திறந்த சுரங்கச்சாலை போவதால் நடுவில் தூண் வைக்க முடியவில்லை என்ற விளக்கமும் உண்டு. சுரங்கம் இருப்பது உண்மை. ஆனால் சதுக்கத்துக்குக் கீழே சரிவில் மண்டபமும் அரங்கமும் கொண்ட தளங்கள் அங்கேயே நிற்கின்றன. ஆகவே அங்கே எதையும் ஊன்ற முடியாது என்று சொல்ல வழியில்லை. பொறியாளனாக என் முடிவு இது: சுரங்கம் அஸ்திவாரத்தைச் சிக்கலாக்கியிருக்கும், தூணைத் தடை செய்திருக்காது. தூண் இல்லாதது யாரோ விரும்பித் தேர்ந்தது.

அந்தத் தேர்வின் பலன்தான் இன்று எல்லோரும் 'வாவ் லிவ்ரி' என்று அழைக்கும் வெற்றிடம். திறந்த இடைவெளி என்று பொருள். டிக்கெட் இல்லை, வேலி இல்லை, வாசல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பல ஆண்டுகள் பழம்பொருள் சந்தை கூடியது. மழை வந்தால் ஒதுங்குகிறார்கள். ஊர்வலம் என்றால் அங்கே கூடி அங்கிருந்து கிளம்புகிறார்கள். கட்டடம் 1968 நவம்பரில் திறக்கப்பட்டது. பிரிட்டன் ராணி எலிசபெத் வந்திருந்தார். அடுத்த மாதமே, டிசம்பர் 13ஆம் தேதி, ராணுவ ஆட்சி ஐந்தாம் நிறுவன ஆணையைப் பிறப்பித்து நாடாளுமன்றத்தை மூடியது. கூட்டம் கூடுவதே குற்றம் என்ற நிலை வந்தது. கூட்டம் கூடுவதற்கென்றே ஒரு பெரிய நிழலைக் கட்டிவைத்த சில வாரங்களில் இது நடந்தது. அந்த நிழல் காத்திருந்தது. நடுவே இரண்டு தூண் இருந்திருந்தாலும் மழைக்கு ஒதுங்கலாம், உண்மைதான். ஆனால் இரண்டு வரிசைத் தூண் வந்துவிட்டால் மூன்று கூடங்களாகப் பிரியும். முன்னால் நிற்பவருக்கு மேடை தெரியும், பின்னால் நிற்பவருக்குத் தூண் தெரியும். பாலத்தடியில் நின்று வேலை பார்த்தே வயது போனவன் சொல்கிறேன், ஒரு தூண் எடுத்துக்கொள்ளும் இடம் அதன் அகலத்தைவிடப் பல மடங்கு பெரியது.

பணக்காரர்களின் அருங்காட்சியகம் என்று நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1947இல் மாஸ்பைத் தொடங்கியவர் அசிஸ் ஷாடோப்ரியான். பத்திரிகைகளும் வானொலிகளும் வைத்திருந்த பெரும்புள்ளி. போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ஓவியங்கள் மலிவாகக் கிடைத்த காலம். செல்வந்தர்களை நெருக்கிப் பணம் வாங்கித்தான் தொகுப்பைச் சேர்த்தார். தொகுப்பைத் தேர்ந்து நடத்தியவர் லீனாவின் கணவர் பியெத்ரோ மரியா பார்டி; இத்தாலியில் இருந்தபோது முசோலினியின் ஆட்சிக்கு நெருக்கமாக இருந்தவர். இதை மறைத்து லீனாவைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது. அந்தப் பணத்தில் லீனா என்ன செய்தார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கான்கிரீட் கட்டி ஒன்றில் கண்ணாடிப் பலகையைச் செருகி நிறுத்தி, அதில் ஓவியத்தை மாட்டினார். சுவரே இல்லை. கூடம் முழுக்க ஓவியங்கள் மனிதர்களைப்போல நின்றன. வரைந்தவர் பெயரும் விவரமும் பின்பக்கம். முதலில் படத்தைப் பார். யார் வரைந்தது என்பது பிறகு. பெரிய பெயர்களைக் கேட்டுப் பயந்து ஒதுங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை! 1996இல் அவற்றை எடுத்துவிட்டு வழக்கமான சுவர்களை வைத்தார்கள். 2015இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இத்தாலியரா, பிரேசில்காரரா என்பதற்குப் பதில் எளிது. 1914இல் ரோமில் பிறந்தார், அங்கேயே படித்தார், மிலானில் கட்டடக்கலைஞர் ஜோ பொன்டியின் வட்டத்தில் பத்திரிகை வேலை பார்த்தார். போர்க்காலம், கட்டுவதற்கு எதுவும் இல்லை, இடிந்ததைத்தான் பார்க்க முடிந்தது. 1946இல் கணவரோடு ரியோவில் கப்பல் இறங்கினார். 1951இல் பிரேசில் குடியுரிமை பெற்றார். அவர் வடிவமைத்துக் கட்டி முடித்த கட்டடம் ஒவ்வொன்றும் பிரேசில் மண்ணில்தான் நிற்கிறது. போர்க்காலத்தில் பாசிசத்துக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் வார்த்தையைத் தவிர அதற்கு வலுவான சான்று இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதைத் தேர்வுத்தாளில் உறுதியான செய்தியாக எழுதாதீர்கள்.

அவரைப் பிரேசில்காரராக ஆக்கியது குடியுரிமைத் தாளைவிட வடகிழக்குப் பகுதிதான் என்று நினைக்கிறேன். 1958 வாக்கில் பாயியா மாநிலத்தின் சால்வடாருக்குப் போனார். கடலோரத்தில் சோலார் டூ உன்யாவ் என்ற பழைய சர்க்கரைக் கிடங்கும் மாளிகையும் சிதைந்து கிடந்தன. அதைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கும் பணி. உள்ளே அவர் புதிதாகச் சேர்த்த பெரிய பொருள் ஒரு மரப்படிக்கட்டு. நடுவில் ஒரு மரத்தூண். அதைச் சுற்றிச் சதுரமாக ஏறும் படிகள். ஓர் ஆணிகூட இல்லை. படிப்பலகையின் நாக்கு பக்கமரத்தைத் துளைத்து வெளியே வரும். அதில் ஆப்பு இறங்கும். அந்த ஊர் மாட்டுவண்டித் தச்சர்கள் போடும் பொருத்து அது. மாஸ்பின் உத்திரமும் இந்தப் படிக்கட்டும் ஒரே ஆண்டுகளில் ஒரே மனதில் ஓடிக்கொண்டிருந்தவை என்பதை நினைத்துப்பாருங்கள். ஒன்றில் நாட்டின் மிக முன்னேறிய பொறியியல், மற்றதில் வண்டித் தச்சரின் ஆப்பு. இரண்டில் எதையும் அவர் தாழ்வாக நினைக்கவில்லை.

1963இல் அங்கே வடகிழக்கு மக்களின் கைப்பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். ஒட்டுத்துணிப் போர்வைகள், நேர்த்திக்கடன் பொம்மைகள், எரிந்துபோன மின்விளக்கின் கண்ணாடியில் எண்ணெய் ஊற்றித் திரிபோட்ட விளக்குகள். கைவினை அழகு என்று கொஞ்சுவதற்காக அவர் இவற்றைச் சேர்க்கவில்லை. ஒன்றுமே இல்லாத கைகள் எப்படி யோசிக்கின்றன என்பதற்கான சாட்சியாக வைத்தார். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவருடைய சால்வடார் வேலை முடிந்தது. மறு ஆண்டு ரோமில் நடக்கவிருந்த அதே காட்சியைப் பிரேசில் அரசு திறக்கவிடாமல் நிறுத்தியது. ஏழைகளின் கலையைக் கண்டு ஜெனரல்கள் அஞ்சுகிறார்கள் என்று விமர்சகர் ப்ரூனோ செவி இத்தாலியப் பத்திரிகையில் எழுதினார்.

பிறகு பத்தாண்டுக்கு மேல் பெரிய வேலை அதிகம் இல்லை. 62 வயதில்தான் செஸ்கி பொம்பேயா வந்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. செஸ்கி என்பது வணிகத் துறை முதலாளிகள் சம்பளப் பட்டியலை வைத்துக் கட்டவேண்டிய தொகையில் நடக்கும் நல அமைப்பு. சாவ் பாவ்லோவின் பொம்பேயா பகுதியில் இரும்பு டிரம் (பீப்பாய்) செய்துகொண்டிருந்த பழைய தொழிற்சாலையை வாங்கியிருந்தார்கள். முதல் தடவை போனபோது அவர் கண்டது கட்டடத்தை: மெலிந்த கான்கிரீட் சட்டகம், வரிசையான செங்கல் கொட்டகைகள். இன்னொரு நாள், வார இறுதியில் போனபோது மக்களைக் கண்டார். குழந்தைகள் ஓடுகிறார்கள், ஓட்டைக் கூரையிலிருந்து மழை ஒழுகும் இடத்தில் இளைஞர்கள் பந்தாடுகிறார்கள், தாய்மார்கள் இறைச்சி சுடுகிறார்கள். இதெல்லாம் அப்படியே தொடர வேண்டும் என்று முடிவுசெய்ததாக அவரே எழுதியிருக்கிறார். தொழிற்சாலையை இடிக்கவில்லை. சுவரின் பூச்சை உரித்துச் செங்கலை வெளியே காட்டினார். பெரிய கூடத்தில் வளைந்து ஓடும் ஒரு நீர்த்தொட்டியை வைத்து அதற்கு வடகிழக்கின் சாவ் ஃபிரான்சிஸ்கோ ஆற்றின் பெயரைக் கொடுத்தார்; சாவ் பாவ்லோவின் தொழிலாளர்களில் ஏராளமானோர் அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அலுவலகத்தையே தளத்துக்குள் போட்டுக்கொண்டு, மார்செலோ ஃபெராஸ் (மாஸ்பின் பொறியாளர் ஃபெராஸ் வேறு), ஆந்த்ரே வைனர் என்ற இரண்டு இளம் கட்டடக்கலைஞர்களோடு ஆண்டுக்கணக்கில் கொத்தனார்களுக்கு நடுவில் இருந்து வேலை பார்த்தார். கொட்டகைகள் 1982இல் திறந்தன. விளையாட்டுக் கூடங்கள் 1986இல்.

அந்த விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தபோது மறுபடியும் ஒரு தடை. மனையின் குறுக்கே, தரைக்கு அடியில், அக்வாஸ் பிரெட்டாஸ் என்ற ஓடை போகிறது. அதன்மேல் கட்டக்கூடாது. அவர் ஓடையின் இரு பக்கமும் இரண்டு கோபுரங்களை நிறுத்தினார். ஒன்றில் ஆடுகளங்கள், மற்றதில் உடைமாற்றும் அறைகள். இரண்டையும் ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் நடைபாலங்களால் இணைத்தார். பந்து விளையாடப் போகிறவர் நகரத்துக்கு மேலே, காற்றில், திறந்தவெளியில் நடந்து கடந்தாக வேண்டும். கீழே ஓடையின்மேல் மரப்பலகை விரித்தார். வெயில் காய ஆட்கள் அதில் படுத்துக்கிடக்கிறார்கள். கோபுரச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் குகைவாய் போன்ற ஓட்டைகள், கண்ணாடி கிடையாது, சிவப்பு மரத்தட்டிகள் மட்டும். எங்கே பணம் போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்ற தெளிவை இதில்தான் நான் பார்க்கிறேன். நடைபாலத்துக்குக் கேபிள் கொடுத்தார், ஜன்னலுக்குக் கண்ணாடி கொடுக்கவில்லை. மாஸ்பில் காட்சிமேடையையும் பொம்பேயாவில் வார இறுதியையும் மக்களிடமிருந்து பறிக்காமல் இருக்க எவ்வளவு செலவோ அவ்வளவு செலவு.

குறைகளும் இருக்கின்றன, பாடத்தில் அவற்றைக் கேட்டிருக்க மாட்டீர்கள். சாவ் பாவ்லோவின் மொரும்பி பகுதியில் 1951இல் தனக்குக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீட்டின் முன்பக்கம் மெலிந்த எஃகுக் குழாய்களின்மேல் மிதக்கிறது. பின்பக்கம் கெட்டிச்சுவர், அங்கேதான் வேலைக்காரர்களின் அறைகள். மாஸ்பின் இருபக்கக் கண்ணாடி ஓவியங்களைப் பாதுகாப்பவர்களுக்கு வெயிலும் வெப்பமுமாகத் தலைவலி கொடுத்தது. கூரை உத்திரங்களில் நீர் இறங்கியது. திறந்தபோது வெறும் சாம்பல் கான்கிரீட்டாக இருந்தவற்றுக்கு 1990ஐ ஒட்டித்தான் நீர்காப்போடு சிவப்புப் பூச்சு வந்தது. ஆக, எல்லாப் புகைப்படத்திலும் நாம் பார்க்கும் அந்தச் சிவப்பு, கட்டடத்தின் முதல் இருபது ஆண்டுகளில் இல்லை. பொம்பேயா நாடக அரங்கின் மரநாற்காலிகளுக்கு மெத்தை வேண்டாம் என்றதும் அவர்தான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இன்னும் முணுமுணுக்கிறார்கள். 1992இல் அதே கண்ணாடி வீட்டில் இறந்தார். வெனிஸ் பியெனாலே 2021இல்தான் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. அவர் காலத்தில் வெளிநாட்டில் பெயர் பரவவில்லை. பிரேசிலின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நீமெயரின் நிழல் அவ்வளவு நீளம்.

உங்கள் செமஸ்டர் வேலைக்கு ஒரு யோசனை. மாஸ்பின் முகப்புப் புகைப்படத்தை வைத்து எழுதாதீர்கள். அதன் குறுக்குவெட்டை நீங்களே கையால் வரையுங்கள்: பவுலிஸ்டா சாலையின் மட்டம், அதே மட்டத்தில் நீளும் சதுக்கம், அதற்குக் கீழே சரிவில் இறங்கும் தளங்கள், மேலே நான்கு உத்திரங்களோடு தூக்கிய பெட்டி. பிறகு சாலையோரத்தில் ஒரு ஆளை நிறுத்தி, அவர் கண்ணிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி ஒரு கோடு போடுங்கள். நீங்கள் கேட்ட இரண்டு தூண்களையும் அதே படத்தில் பென்சிலால் போட்டுப்பாருங்கள். வரைந்து முடித்தால் இங்கே பகிருங்கள். தூண் வைத்தால் கேபிள் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கை நான் போட்டுத்தருகிறேன்.